எண்ணெய்க் குளியலும் செண்பகத்தின் உருண்டைகளும்

எனக்கு வயது அறுபத்தெட்டு முடிந்துவிட்டது. பெற்றது ஐந்து, கொழுந்தனார் விட்டுப்போன மகள் ஒன்று, ஆக ஆறு பேரை வளர்த்து ஆளாக்கியிருக்கிறேன். படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு வாசிப்பேன். அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி கோமதிதான் இதை எழுதுகிறாள். "ஆச்சி, மலர்ல போடுதது, பேசுத மாதிரி எழுதக் கூடாது" என்று அவளே சரிசெய்து எழுதிக்கொள்கிறாள். இந்த ஊரில் இருக்கும் தமிழாட்கள் சேர்ந்து போடும் மலர் இது. இரண்டு மூன்று பிரதி தென்காசிக்கும் போகும் என்றார்கள். அதனால்தான் சம்மதித்தேன். இங்குள்ளவர்களுக்கு ஒரு விஷயம் ஏற்கெனவே தெரியும், ஊரில் இருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன்: ஜெர்மனியில் எங்கள் குளியலறைத் தரையில் தண்ணீர் போக ஓட்டை கிடையாது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி ஒரு நீளத் தொட்டி. அதற்குள் ஏறிப் படுத்து, தன் அழுக்கிலேயே ஊறி எழுந்து வருவதற்குக் குளியல் என்று பெயர். தொட்டிக்கு வெளியே ஒரு சொட்டுத் தண்ணீர் விழக் கூடாது. வெளியே விரித்திருப்பது கம்பளம்! குளிக்கிற இடத்தில் கம்பளம் விரிப்பவர்களை நான் குற்றாலத்தில் எந்தச் சீசனிலும் பார்த்ததில்லை.

நான் இங்கே வந்தது என் கடைசி மகள் செண்பகத்துக்காக. ரைன் ஆற்றங்கரையில் இருக்கிற இந்த ஊரில், ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. மாப்பிள்ளைக்குப் புளியங்குடியில் எலுமிச்சம்பழக் கமிஷன் கடை. லாரி ஏறுகிற நேரத்தில் அவர் அங்கே நிற்காவிட்டால் வியாபாரம் நடக்காது. "அத்தை, நீங்க போய் அவளையும் பிள்ளையையும் பாத்துக்கிடுங்க, இங்கன நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டார். நானும் கோமதியைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். வேலை ஒப்பந்தம் அடுத்த கோடை விடுமுறை வரைக்கும்தான். அதற்குள் செண்பகம் ஒரு படம் காட்ட வேண்டும். காட்டினால் வேலை நீளும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அவளுடைய புரொஃபசர் இதைச் சிரித்த முகத்தோடுதான் சொன்னாராம். இவர்கள் எதையும் சிரித்த முகத்தோடுதான் சொல்கிறார்கள்.

என்ன படம் என்று கேட்டேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். கண்ணுக்குத் தெரியாத துணுக்கு ஒன்று. மூலக்கூறு என்று கோமதி எழுதுகிறாள். அதற்கு ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்கு எண்ணெய்தான் பிடிக்கும், தண்ணீரைக் கண்டால் ஆகாது. இப்படிப் பல கோடித் துணுக்கைத் தண்ணீரில் போட்டால், வால்கள் எல்லாம் தண்ணீருக்கு ஒளிந்து ஒன்றோடொன்று ஒட்டும். தலைகள் தண்ணீரைப் பார்த்தபடி வெளியே நிற்கும். முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு வரிசையாகச் சுவர் மாதிரி நின்று, அந்தச் சுவர் வளைந்து வளைந்து உருண்டையாக மூடிக்கொள்ளும். பந்து மாதிரி, உள்ளே வெற்றிடம் இல்லை, தண்ணீர்.

"யாருட்டி அடுக்குவா?" என்றேன்.

"யாரும் அடுக்க வேண்டாம்மா. அதுவா அடுக்கிக்கிடும்."

"அதுவாவா? இத்தன வருசத்துல ஒரு கரண்டி அதுவா அடுக்குல போய் உக்காந்து நான் பாத்ததில்ல."

"கரண்டிக்கு எதும் பிடிக்கவும் செய்யாது, பிடிக்காமலும் இருக்காதுல்லா. இதுக்குப் பிடிச்சது ஒண்ணு இருக்கு, பிடிக்காதது ஒண்ணு இருக்கு. அது போதும்."

"கை கோத்துக்கிடுமா?"

"கோக்காது. சும்மா சாஞ்சுதான் நிக்கும்."

எனக்கு இது ஏறவில்லை. கை கோக்காமல் எது நிற்கும்? எழுபதுகளில் எங்களுக்குத் தென்காசியில் எண்ணெய்க் கடை. சாரல் விழ ஆரம்பித்ததும் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஓலை வேய்ந்து ஒரு சீசன் கடை போடுவோம். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், சீயக்காய்த் தூள். என் வீட்டுக்காரர் அளந்து ஊற்ற, ஆட்கள் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை பூசிக்கொண்டு, பளபளவென்று அருவியைப் பார்த்து நடப்பார்கள். கடையில் கூட்டம் தணிந்ததும் நான் ஆறு பிள்ளைகளையும் ஒன்றின் கையில் ஒன்றைக் கோத்துச் சங்கிலி மாதிரி பேரருவிக்குக் கூட்டிப் போவேன். "ஏட்டி, கையை விட்டா அடிதான்!" என்று கத்திக்கொண்டே போவேன். என் பிள்ளைகள் எதையும் தானாகச் செய்ததில்லை. நான் நின்று செய்ய வைத்தேன். அதில் எனக்குப் பெருமைதான், இன்றைக்கும் குறையவில்லை.

"அம்மா, ஒரு தடவை கூட்டத்துல சங்கிலி அறுந்துபோச்சே, ஞாபகம் இருக்கா?" என்றாள் செண்பகம். மறக்க முடியுமா? அன்றைக்குத் திருச்செந்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் உள்ளே நுழைந்து இடித்ததில், என் கையில் இருந்தது மூத்தவன் ஒருவன்தான். மற்ற ஐந்தையும் காணோம். நான் ஈரச் சேலையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்ட கூப்பாட்டில் அருவிச் சத்தமே அடங்கியது என்று அவர் பிற்பாடு கேலி செய்வார். அழுதுகொண்டே கடைக்கு ஓடிவந்தால், ஐந்தும் அங்கே இருந்தன. எண்ணெய் காய்ச்சுகிற அடுப்பைச் சுற்றி வட்டமாக, முதுகு வெளியேயும் முகம் உள்ளேயுமாக, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்து குளிர்காய்ந்துகொண்டிருந்தன.

"எங்கள யாரு கூட்டிட்டு வந்தா?" என்று கேட்டாள் செண்பகம். "குளிருச்சு. அடுப்பு அங்கன இருந்துச்சு. அவ்வளவுதான்."

"உங்கப்பா கூப்பிட்டிருப்பாக" என்று சொல்லிவிட்டு எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். அவர் கூப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

கோடை நெருங்கியது, உருண்டை வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாகத்தான் வந்தது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் குப்பை குவித்த மாதிரி இருக்கிறது என்றாள். புளியங்குடியிலிருந்து மாப்பிள்ளை டிரங்க் கால் போட்டால், "அத்தை, நல்லா இருக்கியளா? அங்கன எலுமிச்சம்பழம் கெடைக்கா?" என்று என்னிடம் சத்தமாகப் பேசிவிட்டு, அவளிடம் மெதுவாகப் பேசுவார். அவளும் மெதுவாகப் பேசுவாள். எனக்கு இரண்டு மனசு. சாரலுக்கு ஊர் போய்ச் சேர வேண்டும், இன்னொரு குளிர்காலம் என் முட்டிக்கு ஆகாது. ஆனால் என் மகள் தோற்றுப்போய் மூட்டை கட்டுவதா? அதுவும் ஆகாது. ஒரு நாள் விளக்கேற்றியபோது, சாரலுக்குள் என்னை உன் காலடியில் கொண்டு சேர்த்துவிடு என்று குற்றாலநாதரிடம் வேண்டினேன். திரும்பி நின்று, அந்த உருண்டையை வரவைத்துவிடு, உன் வாசலில் படிப்பாயசம் போடுகிறேன் என்று ஆய்க்குடி முருகனிடம் நேர்ந்துகொண்டேன். ஆய்க்குடியில் ஆற்றுப் படிக்கட்டில் பாயசத்தை ஊற்ற, சின்னப் பிள்ளைகள் படியிலிருந்தே வழித்துச் சாப்பிடுவார்கள். பிள்ளைவரம் வேண்டுகிறவர்கள் நேர்ந்துகொள்வது. நான் உருண்டைக்கு நேர்ந்துகொண்டேன். இரண்டு வேண்டுதலும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அப்பனும் பிள்ளையும்தானே, அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து வந்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. கோமதி பள்ளிக்கூடம் போய்விட்டாள், செண்பகம் வேலைக்குப் போய்விட்டாள். நான் மிளகு போட்டு எண்ணெய் காய்ச்சித் தலையிலிருந்து கால் வரை தேய்த்து, சீயக்காயையும் கரைத்துவைத்துக்கொண்டு தொட்டிக்குள் காலை வைத்தேன். எண்ணெய்க் கால், பீங்கான் தொட்டி. சறுக்கிக்கொண்டு போகப் பார்த்தது. விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டால் யார் பார்ப்பது? கம்பளத்தைச் சுருட்டி வெளியே எறிந்துவிட்டு, முக்காலியைத் தரையில் போட்டு உட்கார்ந்து, வாளியில் வெந்நீர் பிடித்துப் பிடித்து ஊற்றினேன். வந்த நாள் முதலாக அன்றைக்குத்தான் குளித்த மாதிரி இருந்தது.

சேலை கட்டி முடிக்கவில்லை, வாசல் மணி அடித்தது. கீழ் வீட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கார அம்மாள், கெல்லர் அம்மாள். முகம் சிவந்திருந்தது. கையில் ஒரு காபிக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றாள். இத்தனை மாதத்தில் அந்த அம்மாள் எங்கள் வாசலில் வந்து ஒன்றும் கேட்டதில்லை. காபி தீர்ந்துபோயிருக்கும் பாவம் என்று கோப்பையை வாங்கி, உள்ளே ஏதோ கசடு கிடந்ததைக் கொட்டிக் கழுவி, நம் ஃபில்டர் காபியை நுரை ததும்ப ஊற்றிக் கொடுத்தேன். "நைன், நைன்!" என்றாள். இல்லை என்று அர்த்தமாம், எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சர்க்கரை போதவில்லை போலும் என்று இன்னொரு கரண்டி போட்டேன். அந்த அம்மாள் கோப்பையை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனாள். வெள்ளை விரிப்புப் போட்ட மேஜை, அதன்மேல் ஒரு கேக். மேலே வெள்ளைக் கூரையில் பெரிய பழுப்பு வட்டம். அதிலிருந்து சொட்டுச் சொட்டாக என் சீயக்காய்.

கெல்லர் அம்மாளிடமிருந்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு டெலிபோன் போனது. செண்பகம் வெள்ளைக் கோட்டோடு மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"எம்மா, என்னம்மா செஞ்சு வச்சிருக்க?"

"குளிச்சேன்."

"தரையிலயா?"

"பின்ன, கூரையிலயா குளிப்பேன்?"

"கூரையிலதாம்மா குளிச்சிருக்க! அண்ணாந்து பாரு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கெல்லர் அம்மாளுக்கு வரவில்லை. செண்பகம் சோதனைக் குப்பியை வெந்நீர்த் தொட்டியில் போட்டது போட்டபடி வந்திருந்தாள். திரும்பிப் போக வழியில்லை. அன்றைக்குத் துடைத்து முடிக்கவே பொழுது போனது. மறுநாள் பெயிண்ட் வாங்கிவந்து ஏணி போட்டுக் கூரைக்கு அடித்தாள். நான் ஏணியைப் பிடித்தேன், கெல்லர் அம்மாள் என்னைப் பிடித்தாள். அதற்கடுத்த நாள் ஞாயிறு, ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆணிகூட அடிக்கக் கூடாது. இன்னொரு வாரம் வீணாய்ப் போனது, எல்லாம் முடிந்தது என்றுதான் அவள் திங்கட்கிழமை போனாள்.

மத்தியானம் டெலிபோன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தேன். "அம்மா, உருண்டை" என்றாள் செண்பகம்.

நடந்தது இதுதான். இதுவரைக்கும் அவள் குப்பியைச் சுடச்சுட எடுத்துச் சட்டென்று ஐஸில் வைத்துவிடுவாளாம். நாள் போகிறதே என்ற அவசரம். அந்த வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் ஹீட்டரை அணைத்துவிட்டுப் பூட்டிப் போய்விட்டான். மூடி போட்ட பெரிய தொட்டி, தண்ணீர் மெள்ள மெள்ள ஆறியிருக்கிறது. "அவசரமா குளிருனா வாலெல்லாம் கிடைச்ச எடத்துல வெறைச்சுப் போயிரும்மா. ஆற விட்டா எடம் பாத்து, தள்ளி நின்னு, சரியா உக்காந்துக்கிடுது. நான்தான் பக்கத்துல நின்னு நின்னு கெடுத்திருக்கேன்." படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். வட்ட வட்டமாக, ஒவ்வொன்றுக்கும் இரட்டைக் கோட்டுச் சுவர். முருகன் செய்தது என்றேன். ஆறின தண்ணீர் செய்தது என்றாள். தான் டெலிபோன் போட்டதால்தான் எல்லாம் நடந்தது என்று கெல்லர் அம்மாள் இந்தத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கோப்பையோடு மேலே வருகிறாள், காபிக்குத்தான். சர்க்கரை இரண்டு கரண்டி.

வேலை இரண்டு வருடத்துக்கு நீண்டது. நடுவில் சாரல் சமயத்தில் ஊர் போய்வர லீவும் கிடைத்தது. அப்பனும் பிள்ளையும் பேசித் தீர்த்துவிட்டார்கள். ஆய்க்குடியில் படிப்பாயசம் போட்டோம். கோமதியும் மற்றப் பிள்ளைகளோடு குனிந்து படியை வழித்தாள், மூக்கெல்லாம் பாயசம். மாப்பிள்ளை படத்தைக் கண்ணாடி போட்டுப் புளியங்குடிக் கடையில் மாட்டிவிட்டார். "அண்ணாச்சி, இது எந்தத் தோட்டத்துப் பழம்? தோல் கனமாட்டு இருக்கே!" என்று வியாபாரிகள் கேட்கிறார்களாம். "எங்க வீட்டம்மா தோட்டத்துது. ஏத்துமதிச் சரக்கு" என்கிறாராம் இவர்.

ஊரிலேயே இருந்துவிடு என்று மூத்தவன் சொன்னான். இருந்திருக்கலாம். அருவியில் தலை நனைத்ததும் முட்டி வலிகூட விட்டுப்போயிற்று. ஆனால் பஸ் ஏறுகிற அன்றைக்குக் கோமதியின் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தவள், என் சேலைகளையும் அதே பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. பேரருவித் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். இங்கே ஏர்போர்ட்டில் ஒருவன் அதைத் திறந்து முகர்ந்து பார்த்து, என்ன இது என்றான். தண்ணீர் என்றாள் கோமதி. ஜெர்மனியில் தண்ணீர் இல்லையா என்று கேட்டானாம். "இருக்கு, நல்லாத்தான் இருக்கு, ஆனா இது வேறன்னு சொல்லு" என்றேன்.

செண்பகம் அந்தத் தண்ணீரை வடிகட்டி அதில் தன் உருண்டைகளைச் செய்தாள். பிறகு அவற்றைப் பிரித்தெடுத்து ரைன் தண்ணீரில் விட்டாள். உருண்டை எந்தத் தண்ணீரில் உருவானதோ அதைத் தன் வயிற்றுக்குள் அடைத்து வைத்துக்கொண்டுதான் போகுமாம், எங்கே கொண்டுபோய் விட்டாலும். எனக்காக ஒரு சின்னக் குப்பியில் ஊற்றித் தந்திருக்கிறாள். அடுப்படி ஜன்னலில் இருக்கிறது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி லேசாக வெளுத்திருக்கிறது, வெயில் பட்டால் கொஞ்சம் நீலம் தெரிகிறது. உள்ளே குற்றாலம், வெளியே ரைன்.

"இது எத்தன நாளைக்குட்டி இப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

"கொஞ்ச மாசம் இருக்கும். அப்புறம் சுவரு மெள்ளக் கசியும்மா."

"எந்தப் பக்கமாட்டு கசியும்?"

"ரெண்டு பக்கமும்தான்."

போதும் கோமதி, பேனாவை வை. எங்கே, முதலிலிருந்து வாசி, கேட்போம். மெதுவாக வாசி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை.