நான் சிரிக்கவேயில்லை, மாமா

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்குப் புத்தூரில் யாராவது செத்தால், ஆறரைக்குத்தான் ஒப்பாரி தொடங்கும் என்று அப்பா சொல்வார். அந்த அரை மணித்தியாலம் யாழ்ப்பாணத்துக் கேபிள் தொலைக்காட்சியில் சைக்கிள் கடை நாடகம் போகும்.

சிடுமூஞ்சி முதலாளி ஒருவர், அவருக்கு உதவியாளாக வால்கட்டை என்றொருவர். வால்கட்டை ஒரு சைக்கிளைக் கழற்றிப் பூட்டி முடித்ததும் உள்ளங்கையை நீட்டி, "முதலாளி, ஒரு நட்டு மிஞ்சிப் போச்சு" என்பார். முதலாளி அதை வாங்கி, தன் மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டுச் சாத்துவார். மூன்று வருடமாக ஒவ்வொரு கிழமையும் இதேதான். மூன்று வருடமாக ஊரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அந்த வால்கட்டை வேறு யாருமல்ல, என் அம்மாவின் தம்பி. பள்ளிக்கூடத்தில் எனக்கு இருந்த மவுசு அதிபருக்குக்கூட இருந்திருக்காது.

நான் ஐந்தாம் ஆண்டு படித்தபோது மாமா ஒருநாள், கேபிள்காரரிடம் ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு, பயணப்பையோடு கொழும்புக்குப் போனார். அங்கே வேலையாம். உண்மையில் அவர், களவாக ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனை நம்பிப் பிரான்சுக்கு வெளிக்கிட்டிருந்தார். வெளிநாட்டுக்குப் போகிறவர் அங்கே காலை வைக்கும்வரை வீட்டார் மூச்சு விடக்கூடாது, கண்பட்டால் பயணம் குழம்பிவிடும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். ஓட்டை வாயான என்னிடம் சொல்வார்களா?

இரண்டு மாதம் பழைய நாடகங்களையே போட்டார்கள். பிறகு, வால்கட்டைக்குப் பதிலாகப் புது ஆள் வருகிறார் என்று விளம்பரம் ஓடியது. ஊர் கொதித்தது. "மனுசனை வேலையாலை கலைச்சுப் போட்டாங்கள், நாசமாப் போவாங்கள்" என்றார் அடுத்த வீட்டு மாமி. எனக்கு ரத்தம் சூடேறியது. புலமைப்பரிசில் சோதனைப் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஒரு கொப்பியில் 'எங்கடை வால்கட்டை எங்களுக்கு வேணும்' என்று எழுதி வீடு வீடாகக் கையெழுத்துக்குப் புறப்பட்டேன்.

அம்மாவிடம் நீட்டியபோது அடுத்த வீட்டு மாமி பக்கத்தில் நின்றார். அம்மா ஒருமுறை முகட்டைப் பார்த்தார், பிறகு கையெழுத்து வைத்தார். அப்பா "நல்ல வேலை பிள்ளை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிணற்றடிப் பக்கம் அவசரமாகப் போனார். சிரிக்கத்தான் போனார் என்று இப்போது விளங்குகிறது. எல்லாமாக நூற்றுப்பதின்மூன்று கையெழுத்து! அண்ணை என்னை பஸ்ஸில் யாழ்ப்பாணம் கூட்டிப் போக, கேபிள் கந்தோரில் நானே என் கையால் கொடுத்தேன். அங்கிருந்தவர் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "ஓம் பிள்ளை, பாப்பம்" என்றார். நாட்டையே பிடித்துவிட்ட சந்தோசம் எனக்கு.

ஆனாலும் புது ஆள் வந்தார். அந்த ஞாயிறு எங்கள் விறாந்தை நிரம்பி வழிந்தது. ஒருவரும் சிரிக்கக்கூடாது என்று எல்லோரிடமும் நான் சத்தியம் வாங்கியிருந்தேன். மாமா கட்டையும் குட்டையுமானவர். புது ஆளோ முருங்கைக்காய் மாதிரி நெடுத்திருந்தார். மருந்துக்கும் மாமாவின் சாயல் இல்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அவர் ஒரு சைக்கிளைப் பூட்டினார். நிலத்தைத் தடவினார். சட்டைப் பையைத் தடவினார். பிறகு தயங்கித் தயங்கி, "முதலாளி, ஒரு நட்டுக் காணேல்லை" என்றார். முதலாளி மேசை லாச்சியை இழுத்தார். லாச்சி முட்ட நட்டுகள்! மூன்று வருடமாக மாமா மிச்சம் விட்டவை அத்தனையும்!

சத்தியம் காற்றில் போனது. முதலில் அடுத்த வீட்டு மாமி, பிறகு தொடையில் அடித்துக்கொண்டு அப்பா, பிறகு எல்லோரும். நான் நிலத்தில் உருண்டு சிரித்தேன். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணீரே வந்துவிட்டது என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் போன் அடித்தது. அம்மா எடுத்துவிட்டுக் கத்திய கத்தலில் கோழிகள் பறந்தன. "பிள்ளையாரே, தம்பி போய்ச் சேந்திட்டான்!" அப்போதுதான் எனக்கு விசயமே தெரிந்தது. போன் கைமாறி என்னிடம் வந்தது.

"மருமகள், நான் பிரான்சிலை நிக்கிறன்." என்றார் மாமா. சுகம்கூட விசாரிக்கவில்லை. "ஞாயிறு பாத்தனியே? லாச்சியைத் திறக்கேக்கை சனம் சிரிச்சதோ?"

உருண்டு சிரித்த குற்றம் நெஞ்சில் குத்தியது. மாமாவை நான் விட்டுக்கொடுப்பேனா?

"இல்லை மாமா, ஒருத்தரும் சிரிக்கேல்லை. நான் சிரிக்கவேயில்லை. எல்லாரும் உங்களைத்தான் கேக்கினம்."

"ஒருத்தருமே இல்லையோ?" என்று மாமா திரும்பவும் கேட்டார். நான் "ஓம்" என்றேன்.

"சரியம்மா. அம்மாட்டைக் குடு."

மாமாவைச் சந்தோசப்படுத்திவிட்டேன் என்ற புளுகத்தில் துள்ளித் துள்ளி முற்றத்தில் ஓடித் திரிந்தேன். இரண்டு மாதத்துக்கு மேலாக எந்தெந்த நாட்டிலோ ஒளித்துத் திரிந்த மனிதருக்கு, முந்தாநாள் புத்தூரில் நாங்கள் பார்த்த லாச்சியைப் பற்றி எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.