நிரையும் நிரயும்

நான் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரி. தமிழில் படித்தவள், கட்டிக்கொடுத்தது கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியில். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். எல்லாம் தேறியது, கணக்கில் ஒரு தாள் மட்டும் முரண்டு பிடித்தது. இந்த முறையும் போனால் பதிவே காலாவதியாகிவிடும், படித்த வருஷமெல்லாம் வீண்.

அதே தாளில் மாட்டிக்கொண்டிருந்தவள் பக்கத்து வீட்டு மலையாளத் தோழி. ஞாயிறு வகுப்புக்கு அவள் போனாள். எங்கள் வயலுக்கு அறுப்பு மெஷின் வந்துவிட்டதால் நான் போகவில்லை. மூன்று சமன்பாடுகளில் உள்ள எண்களை மட்டும் அடுக்கி, பூஜ்ஜியங்களைப் படிக்கட்டு மாதிரி இறக்கி விடை காணும் வழி அன்றைக்கு நடந்ததாம். தமிழ்ப் புத்தகத்தில் அதற்குப் பெயர் ஏறுபடி வடிவம். அவள் குரல் செய்தி அனுப்பினாள்: "ஒண்ணாம் நிரயில் முதல் எண் மாத்ரம் மதி. பாக்கியெல்லாம் பூஜ்யமாக்கணும்." மதி என்றால் போதும்.

அட, இவ்வளவுதானா! அவள் கொடுத்த கணக்கை ஒரே மூச்சில் போட்டு முடித்தேன். பூஜ்ஜியங்கள் சொன்ன பேச்சைக் கேட்டு வந்து நின்றன. அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து விடைகளை ஒத்துப் பார்த்தோம். ஒன்றுகூட ஒக்கவில்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே வரும். உனக்குத்தான் தப்பு என்று நானும், எனக்கல்ல உனக்கு என்று அவளும் ஏறிக்கொண்டே போனோம். கணக்குப் போடுகிறீர்களா, சண்டை போடுகிறீர்களா என்று என் வீட்டுக்காரர் கேட்டுவிட்டுப் போனார்.

அவள் வாயை அடைப்பதற்காகவே அவளுடைய விடைகளைச் சமன்பாடுகளில் போட்டுப் பார்த்தேன். மூன்றும் சரியாக வந்தன. என்னுடையதைப் போட்டேன். இரண்டாவதிலேயே உதைத்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எங்கே பூஜ்ஜியமாக்கினாய் என்று மெதுவாகக் கேட்டாள். விரலை இடமிருந்து வலமாக இழுத்துக் காட்டினேன். "நீ சொன்ன நிரையிலதான் புள்ள."

அவள் தன் விரலை மேலிருந்து கீழே இறக்கினாள். "எடீ, இதாணு நிர."

"அது நிரலு!"

தமிழ் நிரை படுத்திருக்கிறது. மலையாள நிர நிற்கிறது. ஒரு சமன்பாட்டிலிருந்து இன்னொன்றைக் கழிக்கலாம். நானோ x-இன் எண்களையும் y-இன் எண்களையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்து, மாங்காயையும் தேங்காயையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறேன். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அதன்பிறகு நிரை, நிர இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு 'படுத்தது', 'நின்றது' என்று சொல்லிக்கொண்டே இருட்டும்வரை போட்டோம்.

மறுநாள் பாலக்காட்டில் தாள் பிரித்தால், பெரிய கேள்வியே அதுதான். கடைசி வரியில் z மட்டும் தனியாக நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி y, அப்புறம் x. விடைகளைத் திரும்பச் சமன்பாடுகளில் போட்டுப் பார்க்கத்தான் நேரம் இல்லாமல் போயிற்று. தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவள் சாலைக்கு எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தாள். நான் பாதி சாலைதான் தாண்டியிருப்பேன்.

"x ரெண்டு," என்றாள்.

"y மைனஸ் ஒண்ணு," என்றேன்.

"நாலு!" இருவரும் சேர்ந்தே கத்தினோம். ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பஸ்காரர் ஹாரன் அடித்துப் பார்த்தார். நடுரோட்டை விட்டு நாங்கள் நகரவில்லை.