ஏழிலிருந்து ஒன்று வரை

எங்கள் ஸ்கூல் வேனில் முப்பத்திரண்டு பிள்ளைகள். ஸ்டீயரிங் மட்டும் என் கையில், மற்றதெல்லாம் அக்கா கையில். கூடப் பிறந்த அக்கா இல்லை. பதினொரு வருஷமாக ஒரே வண்டியில் வேலை, அந்த உறவுதான்.

சாயங்காலம் வண்டி கிளம்புமுன் அக்கா கடைசி சீட்டிலிருந்து எண்ணிக்கொண்டே முன்னால் வருவார். முப்பத்திரண்டில் தொடங்கித் தலைகீழாக. ஒவ்வொரு தோளிலும் இரண்டு விரலால் ஒரு தட்டு. தட்டியதும் பிள்ளை எழுந்து நின்று "இருக்கேன்" சொல்ல வேண்டும். என் முதுகுக்குப் பின்னால் "ஒண்ணு" வந்தால்தான் வண்டி நகரும். வராவிட்டால் யார் வந்து சொன்னாலும் நகராது. "நேரா எண்ணினா என்ன குடியா முழுகிடும்?" என்று கேட்டிருக்கிறேன்.

"எங்கப்பா சாப்பாட்டுக்கு முன்னாடி எங்க அஞ்சு பேரையும் இப்படித்தான் எண்ணுவார். அப்படியே பழகிடுச்சு" என்பார்.

அந்த அப்பா யார் என்பது போன வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. அக்கா மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா அச்சகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் வேலைநிறுத்தம் செய்ததற்காக இரண்டு வருஷம் தீவுச் சிறையில் கிடந்தவர். அதை அவர் மறைக்கவேயில்லை. இப்போது சிறை மூடி, டிக்கெட் போட்டு ஆட்களை உள்ளே விடுகிறார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடி நான் இருந்த இடத்தை ரெண்டு குடும்பமும் பார்த்துடணும். அப்புறம் ஜெயிலுக்குப் போனவன் வீடுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றாராம்.

"நல்ல மனுஷன். போய்க் காத்து வாங்கிட்டு வாங்கக்கா" என்றேன்.

"எங்கப்பா அங்கதான் வார்டரா இருந்தார்."

எனக்குத் தன்னால் பிரேக்கில் கால் போய்விட்டது.

"சம்மந்திகிட்ட ஹார்பர்ல வேலைன்னு சொல்லி வெச்சிருக்கேன். தெரிஞ்சா என் பொண்ணு கல்யாணம் அவ்வளவுதான். நீயும் கூட வாப்பா. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை."

வேண்டாத வம்பை விலைக்கு வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. போனேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு பேர். அக்கா, அவர் கணவர், மகள், மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, நான். படகு தீவை நெருங்க நெருங்க அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை.

முதல் அறையே அலுவலகம். சுவரில் வார்டர்கள் வரிசையாக நிற்கும் பழைய போட்டோ. அக்கா அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கால் வலிப்பதாகச் சொல்லி, ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டார். அவர் தலைக்கு மேலே இரண்டாவது வரிசையில் அதே முகம். அதே அகன்ற நெற்றி, ஒருபக்கம் ஏறிய அதே புருவம். மீசை மட்டும்தான் கூடுதல். சம்பந்தி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்தார். "சார், இங்க வாங்க, கால் விலங்கு எவ்வளவு பெரிசு பாருங்க!" என்று கத்தினேன். வந்துவிட்டார். எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தப்பித்தோம் என்று நினைத்தேன். முற்றத்துக்கு வந்ததும், எங்களுக்கு இடத்தைச் சுற்றிக்காட்டிய பெண் மூச்சு விடாமல் ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"தினமும் சாயங்காலம் கைதிகளை இங்க உட்கார வெச்சு எண்ணுவாங்க. யாரும் பின்னால ஒளிஞ்சுக்கக் கூடாதுன்னு கடைசி ஆள்லேர்ந்து தலைகீழா வருவாங்க. தோள்ல ரெண்டு விரலால தட்டினதும் எழுந்து 'இருக்கேன்'னு சொல்லணும். ஒண்ணுல முடியலைன்னா எல்லாரும் இங்கேயே நிக்கணும். விடிஞ்சாலும் சரி."

அக்கா என்னைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு முன்னால் அப்பா ஆடிய விளையாட்டு எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பதினொரு வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் முப்பத்திரண்டு பிள்ளைகள் சொன்ன "இருக்கேன்" எனக்குக் காதில் கேட்டது.

"ஒரு தடவை மழையில நின்னோம்" என்றார் சம்பந்தி. "எண்ணினவர் தூக்கக் கலக்கத்துல ஒரு ஆளை விட்டுட்டார். என் பக்கத்துல நின்னவருக்கு ஏற்கெனவே காய்ச்சல். காலையில விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எண்ணினவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அந்த ரெண்டு விரல் மட்டும் இன்னும் தோள்ல இருக்கு."

அது அக்காவின் அப்பாதானா? எனக்குத் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

திரும்பும்போது காற்று ஏறிவிட்டது. படகு துள்ளியது. எங்களை ஏற்றிவிட்டுப் படகுக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "ஏழு பேரும் ஏறியாச்சா? யாராவது எண்ணிச் சொல்லுங்க, சீக்கிரம்!"

அக்காவுக்கு அப்போது புத்தி வேலை செய்யவில்லை. கைதான் வேலை செய்தது. கடைசிப் பலகையில் இருந்த என் தோளில் இரண்டு விரல் விழுந்தது. "ஏழு." நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கணவர் தோளுக்குப் போய்விட்டார். "ஆறு." மகள், ஐந்து. மாப்பிள்ளை, நான்கு. மாப்பிள்ளையின் அம்மா, மூன்று. "அக்கா!" என்று நான் கத்தியது காற்றோடு போயிற்று.

"ரெண்டு."

சம்பந்தி விறைத்து எழுந்து நின்றார். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன. "இருக்கேன்."

ஆடுகிற படகில் அந்த எழுபது வயது மனிதர் எதையும் பிடிக்காமல் நின்றார். அக்காவின் விரல்கள் அந்தரத்தில் நின்றுவிட்டன. மகள் அவரையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஹார்பர் இல்லையாம்மா?" என்று சம்பந்தி மெதுவாகக் கேட்டார்.

"இல்லை. இங்கதான்." என்றார் அக்கா. "நான் பொய் சொல்லிட்டேன்."

"என்னங்க, ஒண்ணு வரலையே? ஒரு ஆள் குறையுதா?" படகுக்காரர் கத்தினார்.

அக்கா கரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஒண்ணு… ஒண்ணு எங்கே?" உண்மையாகவே தேடினார். யாரையோ அந்த முற்றத்தில் விட்டுவிட்டு வந்த மாதிரி தேடினார்.

சம்பந்தி வெகுநேரம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் என்று எனக்குத் தோன்றியது. பிறகு உட்கார்ந்து, பக்கத்துப் பலகையை இரண்டு விரலால் தட்டினார்.

"எண்ணுறவங்க தன்னை எண்ண மாட்டாங்க. அந்த ஒண்ணு நீங்கதான், சம்மந்தி."

அக்கா உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, "இருக்கேன்" என்றார்.