அயலோடு ஒத்துப்போகாத ஒன்பது புள்ளிகள்: வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

சில மாதங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் நகரின் தெற்கிலுள்ள வெள்ளவத்தையிலிருந்து வடக்கிலுள்ள கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தேன். ஒரு வழிக்குப் பதினொரு கிலோமீற்றர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று நீங்கள் சிரிக்கலாம். என்னைப் போலக் கணினித் திரையில் நிலத்தைப் பார்ப்பவர்கள் யாராவது, அந்த நிலத்தில் போய் நிற்க வேண்டும் என்று நினைத்தால் உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். விண்ணில் சுற்றும் செய்மதி ஒன்று பன்னிரண்டு நாட்களுக்கு ஒரு தடவை நகருக்கு மேலால் போகும்போது ரேடார் அலைகளை அனுப்பும். அவை சுவர் மூலைகளிலும் கூரை விளிம்புகளிலும் பட்டுத் திரும்பும். இந்தத் தடவை திரும்பிய அலையைச் சென்ற தடவையோடு ஒப்பிட்டால், அந்த இடம் சில மில்லிமீற்றர் இறங்கியிருந்தாலும் தெரிந்துவிடும். படத்தில் அப்படிப்பட்ட ஒவ்வோர் இடமும் ஒரு புள்ளி. இலட்சக்கணக்கில் வரும், பிழையானவையும் அதற்குள் நிறைய இருக்கும். அதனால் ஒவ்வொரு புள்ளியையும் ஐம்பது மீற்றருக்குள் உள்ள அயல் புள்ளிகளோடு ஒப்பிட்டு, ஒத்துப்போகாததை வடிகட்டி வீசிவிடுவோம்.

முன்பு ஒவ்வொரு புள்ளிக்கும் அயலைக் கண்டுபிடிக்க முழு நகரையும் தேட வேண்டியிருந்தது. ஆறு மணித்தியாலம் போகும். நான் நகரைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, ஒரு புள்ளி தன் சதுரத்திலும் சுற்றியுள்ள எட்டிலும் மட்டும் தேடும்படி நிரல் எழுதினேன். நான்கு நிமிடத்தில் முடிந்தது. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எனக்கும் தலைக்கனம் கொஞ்சம் ஏறியது, மறைப்பானேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான், வீசப்பட்டவற்றையும் ஒரு நாள் திறந்து பார்த்தேன். பிழையான புள்ளிகள் மேலும் கீழும் துள்ளும். கொட்டாஞ்சேனையில் ஒரு குறுகிய ஒழுங்கையில் ஒன்பது புள்ளிகள் துள்ளவே இல்லை. படியில் இறங்குவதுபோல மாதா மாதம் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்பதும் தங்களுக்குள் ஒத்துப்போயின. ஆனால் சுற்றிவர இருந்த மற்றவை எல்லாம் அசையாமல் நின்றதால், எண்ணிக்கையில் தோற்றுக் குப்பைக்குப் போயிருந்தன.

"தகரக் கூரை மாத்தியிருப்பினம், அதுதான் அலை மாறித் திரும்புது. ஒரு வீட்டுக்காக முழு நகரப் படத்தையும் சந்தேகப்பட ஏலாது" என்றார் மேலதிகாரி. அப்படியும் இருக்கலாம். ஆனாலும் மனம் கேட்கவில்லை.

காலை எட்டு நாற்பதுக்கு வெள்ளவத்தையில் ரயில் ஏறினேன். கோட்டை வரை இருபத்தைந்து நிமிடம். இடப்பக்கம் நின்றால் கடற்காற்று இலவசம். கோட்டையிலிருந்து ஓட்டோவுக்கு நானூற்றைம்பது ரூபாய். மூன்று கிலோமீற்றர்தான், ஆனால் புறக்கோட்டை நெரிசலில் இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. எந்த வீடு என்று ஓட்டோக்காரர் கேட்டார். தெரியாது என்றேன். "வீடு தெரியாம யாரைப் பாக்கப் போறீங்க மிஸ்?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நியாயமான கேள்விதான்.

ரேடார் புள்ளி தன் உண்மையான இடத்திலிருந்து சில மீற்றர் தள்ளிப் படத்தில் விழக்கூடும். வெட்டவெளி என்றால் பரவாயில்லை. கைநீட்டினால் அடுத்த வீட்டுச் சுவரைத் தொடக்கூடிய ஒழுங்கையில், அது வேறொருவர் வீடு.

படம் காட்டிய வீட்டில் ஓர் அக்கா உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கட வீட்டில வெடிப்பு ஒண்டும் இல்லை. பின்வீட்டு அன்டன் அங்கிள்தான் எந்த நேரமும் சுவர் வெடிக்குது எண்டு சொல்றவர். சுத்திவர ஒருத்தருக்கும் இல்லாத வெடிப்பு அவருக்கு மட்டும் எப்பிடி எண்டு நாங்க பகிடி பண்றது."

என் நிரல் செய்ததும் அதேதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்டன் அங்கிள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கதவைப் பாதிதான் திறந்தார். "ஆர் உங்களை அனுப்பினது? வீட்டை உடைக்கவோ?"

"ஒருத்தரும் அனுப்பேல்லை அங்கிள். நானாத்தான் வந்தனான்."

கைபேசியில் ஒன்பது புள்ளிகளுக்கும் வரைந்த கோடுகளைக் காட்டினேன். எல்லாம் கீழே சரிந்துகொண்டிருந்தன. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "மேரி, இங்க வாரும். நான் சொன்னது பொய் இல்லையாம்" என்றார்.

பின்னறைக்குக் கூட்டிப் போனார்கள். மூன்று தடவை சீமெந்து பூசிய வெடிப்பு, நான்காம் தடவையாக வாய் திறந்திருந்தது. அங்கே பிள்ளைகள் இருந்து படிக்கும் நீள வாங்குகள் வரிசையாக இருந்தன. அவருடைய மனைவி மேரி டீச்சர் அந்த அறையில் வகுப்பு எடுக்கிறார். அன்று இரண்டு மணிக்குப் பதினான்கு பிள்ளைகள் வருவார்கள்.

"மகள், நேராச் சொல்லுங்கோ. சுவர் விழுமோ?"

"தெரியாது டீச்சர். இறங்குது எண்டுதான் தெரியும். விழுமோ, எப்ப விழும் எண்டு இது சொல்லாது."

"சரி. உங்கட பிள்ளையெண்டா இந்த அறையில இருத்துவீங்களோ?"

எனக்குப் பொறியியல் சான்றிதழ் இல்லை. அலுவலகத்தின் அனுமதி இல்லை. என் கணக்குப் பிழைத்திருந்தால் இவர்களை வீணாகப் பயமுறுத்தியவளாவேன். அத்தனையும் ஒரு கணத்தில் வந்து போயின.

"மாட்டன் டீச்சர்."

டீச்சர் ஒரு வாங்கின் நுனியைப் பிடித்தார். மற்ற நுனியை நான் பிடித்தேன். மூவருமாக எல்லா வாங்குகளையும் முன் விறாந்தைக்குக் கொண்டுவந்தோம்.

திங்கட்கிழமை மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கோபித்தார், பிறகு தனக்குத் தெரிந்த பொறியியலாளர் ஒருவரைத் தானே அழைத்தார். புதன்கிழமை அவரோடு நானும் போனேன். பின்னறைத் தரையில் சிறு துளை போட்டு இரும்புக் கம்பியை இறக்கினார். கம்பி எதிலும் முட்டவில்லை. அதைப் பிடித்திருந்த அவர் கை தரையைத் தொடும்வரை போனது. கீழே மண்ணே இல்லை. எப்போதோ உடைந்த பழைய வடிகால் குழாய், மழைக்கு மழை மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது.

மேரி டீச்சர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அங்கிள் அந்தத் துளையைப் பார்த்தபடி, "பதினாலு பிள்ளைகள்" என்று மட்டும் சொன்னார்.

அந்த அறையை இடித்து, குழாயை மாற்றி, மண் நிரப்பி, இப்போது புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வடிகட்டியைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் நகரப் படத்தில் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் நான்கு நிமிடத்தில் முடித்ததைக் கொண்டாடிய நான், எவற்றை வீசுகிறேன் என்று பார்க்க நேரம் ஒதுக்கவில்லை. இப்போது, தள்ளப்படும் புள்ளிகள் தங்களுக்குள் ஒத்துப்போனால், அவை தனிப் படமாக என் மேசைக்கு வரும். பெரும்பாலும் தகரக் கூரைதான். பார்த்துத்தான் மூடுகிறேன்.

நீங்களும் இப்படிப் போவதானால் காலையிலேயே போங்கள். பதினொரு மணிக்குப் பிறகு ஒழுங்கைகளில் வெயில் தாங்காது. தண்ணீர்ப் போத்தலும் அலுவலக அடையாள அட்டையும் கொண்டுபோங்கள். படம் காட்டும் வீட்டோடு நின்றுவிடாமல் முன் வீடு, பின் வீடு, பக்கத்து வீடு எல்லாவற்றிலும் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள்.

போனதும் முதலில் படத்தை நீட்டாதீர்கள், பயந்துவிடுவார்கள். கதவுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று விசாரியுங்கள். வீடு இறங்கத் தொடங்கினால் கதவு இறுகும். அது செய்மதிக்குத் தெரியும் முன்பே, தினமும் அதைத் தோளால் தள்ளித் திறக்கிறவருக்குத் தெரிந்திருக்கும்.