நான் கையசைக்கும் வரை நகராதே

மார்லிஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அவளும் தேவைக்குச் சொல்லியிருக்கிறாள். ஆனால் இதில் வரும் நேரங்களையெல்லாம் அவள் ஒரு காகிதத்தில் குறித்து வைத்திருக்கிறாள். அதை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். நான்கு நாற்பது என்று இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டாவதன் கீழே காகிதம் கிழியும்படி கோடு போட்டிருந்தாள். இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

போன அக்டோபரில் அவளும் கணவன் வெர்லினும் நெப்ராஸ்காவின் மேற்கு ஓரத்தில், ஓர் ஏரிக்கரை முகாமில் இருந்தார்கள். வீட்டை விற்றுவிட்டு, பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டில் குடியேறி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பனி விழுமுன் அரிசோனாவுக்கு இறங்கிவிட வேண்டும். அவர்களுடையது ஃபிஃப்த் வீல் வகை. பிக்கப்பின் பின்தொட்டி நடுவே கனத்த இரும்புத் தாடை ஒன்று இருக்கும். வீட்டின் மூக்குக்கு அடியில் தொங்கும் முளை அதற்குள் போய் உட்கார வேண்டும். கணவன் வண்டியைப் பின்னால் எடுப்பான், மனைவி வெளியே நின்று கை காட்டுவாள். விரல்களை மடக்கி அழைத்தால் வா. முஷ்டியை உயர்த்தினால் நில். பாதிக் கல்யாணங்கள் முறிவது அந்த நாலு நிமிடத்தில்தான் என்று முகாம்களில் ஒரு பேச்சு உண்டு.

வசந்த காலத்தில், கான்சாஸில், மார்லிஸ் முஷ்டியை உயர்த்தித்தான் வைத்திருந்தாள். முளை தாடைக்குள் இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. வெர்லின் பொறுக்காமல் முன்னால் இழுத்தான். வீடு தொட்டி விளிம்பின்மேல் விழுந்தது. அவளுடைய இடது சுண்டுவிரல் அந்த விளிம்பில் இருந்தது.

அன்று சாயந்தரம் முகாம் தீயைச் சுற்றி உட்கார்ந்தபோது வெர்லின் அவளைப் பார்க்காமல் எல்லோரிடமும் சொன்னான். "மார்லி போன்னு காட்டினா. நான் போனேன். இனிமே இவளுக்கு ரயில்வே கொடி வாங்கித் தரணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கட்டுப் போட்ட விரலோடு அவளும் சிரித்தாள். விரல் இன்றுவரை நிமிரவில்லை. ஆனால் அவளை உறுத்தியது விரல் இல்லை, அந்தச் சிரிப்பு. அது எங்கோ உள்ளே போய் மரத்துப்போய்க் கிடந்தது. ராத்திரிகளில் அதைத் தொட்டுப் பார்ப்பாள். சில நாள், அவன் விரல் அங்கே இருந்திருந்தால் என்று நினைப்பாள். சில நாள், விரலோடு நிற்காது அந்த நினைப்பு.

வெர்லினுக்குத் தொட்டிக்கு ஒரு கெட்டி மூடி வேண்டியிருந்தது. வீட்டை நிறுத்திவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனால் கருவிகள் நனையக் கூடாது, களவு போகக் கூடாது. துணி மூடியைக் கத்தியால் கிழித்துவிடுவார்கள். சுருள் மூடிக்கு முன்பக்கம் ஒரு பெட்டி வரும். தாடைக்கும் அதற்கும் இடம் போதாது. ஒற்றைப் பலகை மூடியை ஒவ்வொரு தடவையும் இரண்டு பேர் தூக்கிக் கழற்ற வேண்டும். மிஞ்சியது மூன்று மடிப்பு அலுமினிய மூடி. பின் இரண்டு மடிப்பையும் முன்னால் மடித்து வாரால் கட்டிவிட்டால் முளை வர வழி கிடைக்கும். மூடினால், தாடையின் தலை விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கும். அளவு நாடாவைப் பிடித்துக் குனிந்து அளந்தது மார்லிஸ். "நான் பார்த்துட்டேன், பொருந்தும்" என்று விற்பவனிடம் ஃபோனில் சொன்னது வெர்லின்.

வியாழக்கிழமை, மதியம் ஒன்றேகால். பழைய மூடி ஒன்றை விற்பனைக்கு வைத்திருந்த லோவெலின் பண்ணைக்குப் போனார்கள். நல்ல காற்று. மூடி அவனுடைய பிக்கப்பிலேயே மாட்டியிருந்தது. லோவெல் அதற்கு இருபது அடி தள்ளி நின்றுகொண்டான். கிட்டே வரவில்லை.

"நீங்களே கழட்டிக்குங்க. எனக்கு முதுகு சரியில்ல."

வெர்லின் தாழை இழுத்தான். அசையவில்லை. குத்தினான், நெம்பினான். மார்லிஸ் ஒரு விரலை வைத்தாள். திறந்துகொண்டது.

"பொம்பளை கை பட்டாத்தான் திறக்குமோ?" என்றான் வெர்லின்.

லோவெல் சிரிக்கவில்லை. வாசல்படியில் நின்ற அவன் மனைவி ட்வைலாதான் பதில் சொன்னாள். "எனக்கும் சட்டுனு திறக்கும். இவருக்குத்தான் கைக்கு அடங்காது. நல்ல மூடி, விக்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

"நீ உள்ள போ, ட்வைலா."

மூன்று ஐந்துக்கு முகாமில் வைத்து மாட்டி முடித்தார்கள். கடைசி மடிப்பின் உட்பக்கத்தைத் துடைக்கும்போதுதான் மார்லிஸ் அதைப் பார்த்தாள். வெள்ளைப் பெயின்ட் பேனாவால் எழுதியிருந்தது.

நான் கையசைக்கும் வரை நகராதே. ஆர்டித்.

"பாரு, உன்னை மாதிரியே ஒருத்தி" என்றான் வெர்லின். மார்லிஸ் அந்தப் பெயரின்மேல் விரலை வைத்தாள். அலுமினியம் வெயிலில் சுட்டுக் கிடந்தது. அந்த எழுத்து மட்டும் சில்லென்றிருந்தது.

மூன்று ஐம்பது. மூடியை மூடித் தாழிட்டிருந்தார்கள். மார்லிஸ் இழுவை வீட்டுக்குள் சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள். பட்டைப்பொடி தூவிய ரொட்டிச் சுருள் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது.

டொக்... டொக்... டொக்.

வெளியே வந்தாள். சத்தம் தொட்டியிலிருந்து. மூடிக்கு உள்ளேயிருந்து. திறந்தாள். காலி. தாடை மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அவள் மூடியபோதே அந்தத் தாடை மூடித்தான் இருந்தது. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

நான்கு இருபத்தெட்டு. மறுநாள் கிளம்ப வேண்டும். புது மூடியோடு வீட்டை ஒருமுறை மாட்டிப் பார்த்துவிடலாம் என்றான் வெர்லின். மார்லிஸ் சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, நரைத்த பின்னலை உள்ளே தள்ளிக்கொண்டு பின்னால் போய் நின்றாள். வண்டி நாலடி வந்ததும் மடித்துக் கட்டிய மூடி தானாக அவிழ்ந்து விழுந்தது. கட்டினாள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை வெர்லின் கதவை அறைந்து இறங்கினான்.

"ஒரு வாரைக் கட்டத் தெரியல உனக்கு. போ, போய் வண்டியில உக்காரு. நான் பிடிச்சுக்கிறேன். நான் சொல்லும்போது எடு."

முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவையாக அவன் கை காட்ட, அவள் ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தாள். அவன் தொட்டியில் ஏறி, தாடைக்குப் பக்கத்தில் மண்டியிட்டான். அவன் தலைக்கு இரண்டடி பின்னால் வீட்டின் மூக்கு.

ரிவர்ஸ் கியர் போட்டாள். கால் பிரேக்கில்.

உள்கண்ணாடியில் வெர்லின் தெரிந்தான். முஷ்டியை உயர்த்தியிருந்தான். நில்.

இடப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

அங்கே ஒரு பெண் நின்றிருந்தாள்.

மஞ்சள் கையுறை. இரண்டு கையையும் உயர்த்தி, விரல்களை மடக்கி மடக்கி... வா. வா. இன்னும் வா.

மார்லிஸ் தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். புல்தான் ஆடிக்கொண்டிருந்தது.

கண்ணாடியில் அவள் இருந்தாள்.

வா...

பிரேக்கில் இருந்த கால் லேசாயிற்று. யாரோ கணுக்காலைப் பிடித்து, மெல்ல, அன்பாக, மேலே தூக்குவதுபோல. பயம் வரவில்லை. அதைத்தான் மார்லிஸ் என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். பயம் வரவில்லை. கான்சாஸ் முகாம் தீ நினைவில் வந்தது. அந்தச் சிரிப்பு வந்தது. 'அவர் வான்னு காட்டினார். நான் வந்தேன்' என்று சொல்லலாம். யார் இல்லையென்பார்கள்?

வண்டி ஒரு சாண் நகர்ந்தது.

"ஏய், மார்லி. நில்லு. மார்லி..."

அவன் குரலில் அப்படியொரு நடுக்கத்தை அவள் கேட்டதே இல்லை.

மிதித்தாள்.

இரண்டு காலாலும் மிதித்தாள். கியரை பார்க்கில் போட்டாள். சாவியைப் பிடுங்கினாள்.

மூடி படாரென்று விழுந்தது. வெர்லின் தொட்டியிலிருந்து குதித்துத் தரையில் உருண்டு கிடந்தான். முகம் வெளுத்திருந்தது.

மணி நான்கு நாற்பது.

"யாரு அது? உன் பக்கத்துல நின்னு கை காட்டினது யாரு?" என்றான் அவன்.

மார்லிஸ் வண்டியிலிருந்து இறங்கினாள். மூடியைக் கழற்றினாள். "குப்பைத் தொட்டியில எறிஞ்சிடுவோம்" என்றான் அவன். "கொடுத்தவங்க கிட்டயே கொடுத்துடலாம்" என்றாள் அவள்.

ஆறு பத்துக்கு லோவெலின் வாசலில் மூடியை இறக்கி வைத்தார்கள். அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

"ஆர்டித் யாரு?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"என் முதல் சம்சாரம்." அவன் காற்றைப் பார்த்துச் சொன்னான். "நாலு வருஷமாச்சு. வீட்டை மாட்டும்போது தொட்டிக்குள்ள குனிஞ்சு நின்னா. வான்னு கை காட்டினா, நான் வந்தேன். அவ தப்பு. போலீஸ் கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

மார்லிஸ் அவன் கண்ணைத் தேடினாள். அவன் பார்க்கவில்லை. வெர்லின் அந்தத் தீயருகில் பேசியபோது எங்கே பார்த்தானோ, அங்கேயே இவனும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இதை எடுத்துட்டுப் போயிடுங்க" என்றான் லோவெல்.

"ஏன், இருக்கட்டுமே" என்று ட்வைலா உள்ளிருந்து வந்தாள். "பனிக்காலம் வருது, நம்ம தொட்டி திறந்து கிடக்கு. வலிய வந்ததை வேண்டாம்பாங்களா?"

மார்லிஸ் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ட்வைலாவைத் தனியே கூப்பிட்டு ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. அவள் தன் நிமிராத விரலைப் பார்த்தாள். வண்டியில் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வெர்லின் அவள் கை காட்டாமல் வண்டியை ஓர் அங்குலம்கூட நகர்த்துவதில்லை.

நவம்பர் பதின்மூன்று. அரிசோனா. ட்வைலா ஃபோன் செய்தாள். குரல் வறண்டிருந்தது.

"லோவெல் போயிட்டாரு. ரெண்டு நாளாச்சு. வீட்டை மாட்டிக்கிட்டிருந்தோம். மூடி விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அவரு தொட்டியில ஏறிப் பிடிச்சுக்கிட்டாரு, நான் வண்டியில இருந்தேன். அவரு நில்லுன்னாரா, வான்னாரா, எனக்குத் தெரியல. பக்கக் கண்ணாடியில வான்னு காட்டினாங்க. பக்கத்துப் பண்ணை ஆளு ஒத்தாசைக்கு வந்திருக்குன்னு நினைச்சேன்..."

"எத்தனை மணிக்கு?"

"நாலு நாப்பது. ஆர்டித் போனதும் அதே நேரம்னு போலீஸ்காரர் சொல்றாரு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நான் ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காதீங்க. அன்னிக்கு நீங்க இங்க வந்திருந்தீங்களா?"

"இல்லை. ஏன்?"

"கண்ணாடியில ரெண்டு பேர் நின்னாங்க. ஒருத்தி மஞ்சள் கையுறை போட்டிருந்தா. இன்னொருத்திக்குச் செவப்புக் கோட்டு, நரைச்ச பின்னல். அவ இடது கை சுண்டுவிரல் மட்டும் நிமிரவே இல்ல..."

மார்லிஸ் ஃபோனை வைத்தாள்.

நவம்பர் பதினொன்று, நான்கு நாற்பதுக்கு அவள் முகாமின் சலவைக்கூடத்தில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால் நின்றிருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் போர்வை மடித்துக்கொண்டிருந்த பெண் அவள் தோளைத் தொட்டுக் கேட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

"யாரைக் கூப்பிடுறீங்க?"

அப்போதுதான் பார்த்தாள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தன. விரல்கள் மடங்கி மடங்கி விரிந்துகொண்டிருந்தன.