ஈரம் காயாத பானை

ஹர்ஜீத் அதற்கு முன் என்னைத் தொலைபேசியில் அழைத்ததே இல்லை. பரமட்டா ரயில் நிலையத்தில் நிற்கும்போது கைத்தொலைபேசித் திரையில் அவருடைய பெயரைக் கண்டதும் உடனே எடுத்தேன். தயாளன் அண்ணையோடு ஒரே சரக்குக் கிட்டங்கியில் வேலை செய்த பஞ்சாபி நண்பர் அவர். தேநீர் இடைவேளையில் அண்ணை கதிரையிலிருந்து சரிந்தாராம். அம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டதாம். வந்த ரயில்களையெல்லாம் போகவிட்டு அங்கேயே நின்றேன்.

உங்களில் பலருக்கு அவரை மெரிலேண்ட்ஸ் மண்டபத்தில் நாடகம் போட்ட மனிதராகத் தெரியும். அந்த நாடகத்தின் கதையை அவருக்குச் சொன்னவர் ஹர்ஜீத்தான். செனாப் நதியின் ஒரு கரையில் குயவர் மகள், மறுகரையில் அவளுடைய காதலன். அவளை வேறொருவனுக்குக் கட்டிவைத்த பிறகும், சுட்ட பானையொன்றைப் பிடித்து மிதந்தபடி இரவில் அவனிடம் போய்வருவாள். அதைக் கண்டுபிடித்த மச்சாள், கணவனின் சகோதரி, பானையை மாற்றிச் சுடாத பச்சைப் பானையை வைத்துவிடுகிறாள். நடு ஆற்றில் அது கரைகிறது. அவளுடைய குரல் கேட்டு அவனும் குதிக்கிறான். இருவரும் தாழ்ந்துபோகிறார்கள்.

கேட்டதோடு அண்ணை விடவில்லை. இந்தக் காலத்தில் அதை எப்படியெல்லாம் சொல்கிறார்கள் என்று ஹர்ஜீத்தை நச்சரித்துத் தேடினார். தொலைக்காட்சித் தொடர், மேடை நடனம், எல்லாம் பார்த்தார். ஒன்றில் அவளிடம் கைத்தொலைபேசி இருந்தது. இன்னொன்றில் ஆற்றுக்குப் பாலமே கட்டியிருந்தார்கள்; ஆனாலும் அவள் தண்ணீருக்குள்தான் போனாள்.

"எதிலயாவது அவள் கரைக்கு வாறாளோ எண்டு பாக்கிறன் பிள்ளை. ஒண்டிலயும் இல்லை."

ஏன் தேடினார் என்று எனக்குத் தெரியும். அவர் இங்கே முதலில் வந்தவர். அவர் காசு கட்டி வரச்சொல்ல, மனைவி கலா அக்கா பின்னால் படகேறினார். அந்தப் படகு வந்து சேரவில்லை. இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியையையாவது செய்யச் சொல்லி அன்ரிமார் அவரை விடாமல் அரித்தார்கள். "வந்து சேராத ஆளுக்கு என்னெண்டு செய்யிறது? அவ இன்னும் வழியிலதான் நிக்கிறா" என்று சொல்லி எழுந்து போய்விடுவார். அதைப் பைத்தியம் என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "கதையில அவனுக்கு அவளின்ர குரலாவது கேட்டது. நான் அந்த நேரம் நித்திரை."

தன் நாடகத்தில் அவர் மச்சாள் பாத்திரத்தையே எடுத்துவிட்டார். மறுகரையில் நிற்கிற காதலனே பானையை வாங்கி அனுப்புகிறான். "இது எங்கள் கதை இல்லை" என்று ஹர்ஜீத் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணை மறுக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "வா எண்டு சொன்னதும் அவன்தான். பானை சுட்டதோ பச்சையோ எண்டு ஒருக்காத் தட்டிப் பாத்திருக்கலாமே" என்றார்.

குயவர் மகளாக நடித்தது நான். மேடையின் முன்னால் பெரிய கண்ணாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். கடைசிக் காட்சியில் பச்சைப் பானையை அதில் இறக்குவேன். அது கரையக் கரைய நான் தாழவேண்டும். பானையை அண்ணையே தன் கராஜில் வைத்துச் செய்வார். நன்றாகக் காய்ந்த களிமண்தான் தண்ணீரில் உடனே கரையும். முதல் மேடையேற்றத்துக்கு முன் விடாமல் மழை. உள்ளே ஈரம் இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

பானை கரையவில்லை. வசனம் முடிந்துவிட்டது. பக்கத் திரையைப் பார்த்தேன். அண்ணை இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றார்.

"வா. விடாதை. கிட்ட வந்திட்டாய், வா."

நான் நீந்தி மறுகரைக்குப் போனேன். புதிய முடிவென்று நினைத்துச் சனம் கைதட்டியது. உள்ளே வந்து பார்த்தால், அவர் நிலத்தில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதுகொண்டிருந்தார். "எவ்வளவு லேசா வந்திட்டாய்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் இருந்து தோளைப் பிடித்துக்கொண்டேன். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

அடுத்த மேடையேற்றத்துக்குப் பானையை ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துக் காயவிட்டார். ஈரமாகவே இருக்கட்டும் அண்ணை என்று கெஞ்சினேன். "வேண்டாம் பிள்ளை. அது ஒருக்கா நடந்ததே போதும்" என்றார். அன்றைக்கு அது சொன்னபடி கரைந்தது. அதற்குப் பிறகு போட்ட ஒவ்வொரு முறையும் கரைந்தது.

செத்தவீடு முடிந்து, கராஜில் கிடந்த கடைசிப் பானையை ஹர்ஜீத் என்னிடம் கொண்டுவந்தார். தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது. எனக்கு வேண்டாம் என்றேன்.

அண்ணையிடமிருந்து நான் வைத்திருப்பது "விடாதை, கிட்ட வந்திட்டாய்" என்ற அந்தக் குரலை மட்டும்தான். அவர் அன்று கூப்பிட்டது என்னை இல்லை என்று தெரிந்தே வைத்திருக்கிறேன். கேட்கவேண்டியவருக்கு அது கேட்கவேயில்லை.