இரண்டாம் போர்டின் கைக்குட்டை

காலை ஆறு ஐம்பது. திண்டிவனம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சின் ட்ரங்க் ரூமுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு கைக்குட்டை. நீலக் கட்டம் போட்டது. இரண்டாம் போர்டில் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டில், வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் குழலைச் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டியிருந்தது. பக்கத்தில் போனால் ஓடிகொலோன் வாசனை.

எண்பதுகளின் தொடக்கம். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் எங்களிடம் கால் புக் செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். போர்டில் லைட் எரியும்; நாங்கள் பிளக்கைச் செருகி இணைப்புக் கொடுப்போம். நான் விழுப்புரம் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அதற்கு முன் ஒரு நாளிதழில் புரூஃப் பார்த்தேன். எங்கே போனாலும் முதலில் எது மாறியிருக்கிறது என்று பார்ப்பது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அந்த வருஷம் மெட்ராஸ் ஐ நாடு நாடாகச் சுற்றுகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். அதோடு மார்கழிப் பனியும் சேர்ந்து, வீட்டுக்கு ஒருவர் இருமலும் காய்ச்சலுமாகப் படுத்திருந்தார்கள். திண்டிவனத்தில் ஆபரேட்டர்கள் ஒவ்வொருவராக லீவில் போனதால் என்னை அங்கே சில நாள் டெபுடேஷனில் அனுப்பினார்கள்.

எனக்குப் போக மனமில்லை. என் மகளுக்கு ஒரு வயது முடிந்து சில வாரம்தான். ஐப்பசி மழையில் நிமோனியா வந்து பிழைத்தவள். டிஸ்சார்ஜ் செய்தபோது டாக்டர் சொன்னார்: "இன்னொரு தடவ நெஞ்சுல சளி கட்டுனா இவ தாங்கமாட்டாம்மா. தும்மறவங்க யாரையும் கிட்ட சேக்காதீங்க." லீவு கேட்டேன். கிடைக்கவில்லை.

ராசியில்லாத சீட்டு

முதல் போர்டில் ஸ்டெல்லா இருந்தாள். மெட்ராஸ் ஐ வந்து போய், சிவப்பு மாறியிருந்தாலும் கண் கூசுகிறது என்று கூலிங் கிளாஸ் போட்டிருந்தாள்.

"அக்கா, அந்த லைட்டு எரியுதா பாருங்க. எரியறது லைட்டா என் கண்ணான்னே தெரியல."

சூப்பர்வைசர் கோவிந்தசாமி சார் நெற்றியில் விபூதியோடு வந்தார். நல்ல மனுஷர். "விழுப்புரத்துலருந்து வந்தது நீங்கதானாம்மா? ரெண்டாம் போர்டுல உக்காருங்க. பயப்படாதீங்க, குழல்ல கைக்குட்ட கட்டி வச்சிருக்கேன். ஒரு கிருமி உள்ள பூராது."

எனக்கு அது ஆறுதலாக இருந்தது. உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினேன்.

சார் அந்தப் பக்கம் போனதும் ஸ்டெல்லா மெதுவாகச் சொன்னாள். "அந்த சீட்டு ராசியில்லக்கா. அதுல உக்காந்தவங்க எல்லாம் ரெண்டு மூணு நாள்ல படுத்துட்டாங்க. சார் எலுமிச்சம்பழம்கூட வச்சிப் பாத்தாரு."

"நீ உக்காரலயா?"

"நான் இங்கியேதான். எனக்குக் கண்ணு வந்துச்சே தவிர ஒரு தும்மல் இல்ல."

பானைக்குள் பேச்சு

பன்னிரண்டு மணி வாக்கில் விழுப்புரத்து ஆபரேட்டர் லைனில் கேட்டாள்: "இன்னா கோமதி, பானைக்குள்ள தலைய வுட்டுக்கினு பேசறியா? ஒண்ணும் வெளங்கல."

நூலை அவிழ்த்தேன். துணி ஈரமாக இருந்தது. ஓடிகொலோனுக்கு அடியில் வேறு வாடை.

"ஸ்டெல்லா, இத எப்பத் தொவச்சாங்க?"

"தொவைக்கறதா? மார்கழி பொறந்ததும் சார் கட்டுனாருக்கா. அவுத்தா பாதுகாப்பு பூடும்னு யாரும் தொடல. அவருகிட்ட இருந்தது ஒரே கைக்குட்ட. அதனால என் போர்டுக்கு இல்ல."

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. டியூட்டி மாறும்போது போர்டு சும்மா இருக்கக்கூடாது. இறங்குகிறவர் ஹெட்செட்டைக் கழற்றி, பின்னால் நிற்கிறவர் கழுத்தில் தாமே மாட்டிவிட்டு எழுந்திருப்பார். குழலின் சூடு ஆறியிருக்காது. அதை ஒழுங்கு என்று பெருமையாகச் சொல்வோம். படுத்துக்கொண்ட அத்தனை பேரும் அந்த ஒரே துணியில்தான் பேசி, இருமி, அடுத்தவர் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். காலையிலிருந்து நானும் அதில்தான் பேசியிருந்தேன்.

சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முதலில் கோபப்பட்டார். "தெனம் ஓடிகொலோன் வுடறேனேம்மா!" பிறகு துணியை மூக்கருகே கொண்டுபோனார். முகம் மாறியது. "நல்லதுன்னு நெனச்சிதானேம்மா கட்டுனேன்" என்றார். அவரே கொல்லைப்பக்கம் கொண்டுபோய்க் கொளுத்தினார். மெக்கானிக் ரிலே துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் பாட்டிலைக் கொண்டுவந்து இரண்டு போர்டுக்கும் நடுவில் வைத்தார். ஆள் மாறும்போதெல்லாம் குழலைத் துடைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

அன்று மதியம் அதனால் ஒரு மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி காத்திருக்க நேர்ந்தது.

"இன்னாம்மா, எம்மாம் நேரம்? தூங்கிக்கினு இருக்கியா?"

"ஹெட்செட்டத் தொடச்சிக்கினு இருந்தேங்க. சளி பரவுது."

அவர் குரல் தணிந்தது. "தொடம்மா, நல்லாத் தொட. எங்க வூட்ல எல்லாம் படுத்துக்கினுதான் கீறாங்க."

மூச்சு

என் கணவர் விழுப்புரம் ஸ்டேஷன் எதிரே மருந்துக் கடையில் வேலை பார்த்தார். பகலில் குழந்தை பக்கத்து வீட்டில் இருப்பாள். கடைக்கு லைன் போட்டு, இரண்டு மூன்று நாள் வீட்டுக்கு வரப்போவதில்லை என்றேன்.

"இன்னா வெளையாடறியா? புள்ள உன்னத் தேடுமே."

"தேடட்டும். எனக்குச் சளி வருதா இல்லையான்னு தெரியணும். தெரியாம அவளத் தூக்க மாட்டேன்."

எக்ஸ்சேஞ்சிலேயே லேடீஸ் ரெஸ்ட் ரூமில் தங்கினேன். ஸ்டெல்லா வீட்டிலிருந்து டிபன் கேரியரில் சாப்பாடு வந்தது. அதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். வெந்நீரில் உப்புப் போட்டுத் தொண்டையை நனைத்தேன். இரண்டாம் நாள் காலையில் ஒரு தும்மல் வந்தது. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஸ்டெல்லா மூன்று தடவை தும்மினாள். பிறகு சாரும் தும்மினார். பக்கத்து மெஸ்ஸில் மிளகாய் தாளித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலங்களில் என் கணவர் குழந்தையை, ஆட்கள் வராத கடைப் பின்னறைக்குத் தூக்கி வருவார்; போனும் அங்கேதான் இருந்தது.

"ரிசீவர அவ மூக்குகிட்ட வைங்க."

"ட்ரங்க் லைன்ல மூச்சு கேப்பியா?"

"வைங்க, பேசாதீங்க."

நிமோனியாவின்போது அவள் மூச்சில் மெல்லிய விசில் சத்தம் இருந்தது. அதை மறக்கவில்லை. லைனின் இரைச்சல் கேட்டது. யாரோ கடையில் இருமல் மருந்து கேட்டார்கள். அவற்றுக்கு அடியில், வேகமில்லாமல், சின்ன மூச்சு. விசில் இல்லை. ஸ்டெல்லா தன் போர்டில் எல்லா லைட்டையும் கவனித்துக்கொண்டு எனக்கு அந்த நேரத்தைக் கொடுத்தாள்.

மூன்றாம் நாளும் எனக்குத் தொண்டை வலிக்கவில்லை, காய்ச்சல் இல்லை. அந்த வாரத்துக்குள் லீவில் இருந்த இருவர் திரும்பி வந்தார்கள். இரண்டாம் போர்டில் உட்கார்ந்தார்கள். மறுபடி யாரும் படுக்கவில்லை. சார் எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டார்.

புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் பின்னாளில் நான் சொன்னது இவ்வளவுதான்: காப்புக்கென்று ஒரு துணி கட்டினால் அதைத் துவைப்பது யார் என்பதையும் அன்றே முடிவு செய்யுங்கள்.

டெபுடேஷன் முடிந்து மதியப் பாசஞ்சரில் விழுப்புரம் வந்தேன். ஸ்டேஷன் குழாயில் கைகால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்று, சத்தம் போடாதே என்று கை காட்டினார். குழந்தை பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது, மூக்கால் அடைப்பில்லாமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.